மகசரில் ஒரு ஊஞ்சல்

சுசீலாபாய் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது வலது கை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கவருக்குள்ளிருந்து ஜெராக்ஸ் எடுத்த மூன்று தாள்களை மேஜையில் போட்டாள்.

“எனக்க வீட்டுக்குப் போலீசை அனுப்பினவன் ஆருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும் சாரே. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

மத்தது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சார் என்று அவள் கூப்பிட்டது அழகியநம்பி சாரை. ஆரியசாலையில் ஒரு பெருங்காய மொத்தக்கடைக்கு மாடியில் எங்கள் துப்பறியும் நிறுவனம் இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பெருங்காயம் கேட்டு வழி தவறி வந்தவர்கள். சார் அதற்கு முன் ஒரு பத்திரிகை ஆபீசில் பதினெட்டு வருஷம் ப்ரூஃப் பார்த்தவர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் கீழே போடமாட்டார். நான் ஜெஸி, பாறசாலைக்காரி. டைப் அடிப்பது, ஆள் பின்னால் போவது, டீ வாங்குவது, சாரைத் திட்டுவது எல்லாம் என் வேலை. முதல் மூன்றுக்குத்தான் சம்பளம் தருகிறார்.

சுசீலா அக்காவுக்கு நேர்ந்ததை அவள் நின்றுகொண்டே சொன்னாள். புருஷன் சத்தியதாஸ் பிளம்பர். இவள் வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருப்பு. மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கதவைத் தட்டவில்லை, உதைத்தார்கள். குழாயடியில் சங்கிலியில் கட்டியிருந்த நாய் குரைத்தது. சாம்சன் என்று பெயர், ஆனால் பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளிகிற நாய். ஒரு கண் தெரியாது. அதை மூன்று பேர் லத்தியால் அடித்தார்கள். குறுக்கே விழுந்த அக்காவின் கை ஒடிந்தது. நாய் செத்தது. அதற்கப்புறம் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு கிலோ கஞ்சாப் பொட்டலத்தோடு வெளியே வந்து சத்தியதாஸை ஜீப்பில் ஏற்றினார்கள். இன்றைக்கு இருபத்திரண்டாவது நாளாக ரிமாண்டில் இருக்கிறார். ஜாமீன் மனு ஒரு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது.

சங்கிலியில் கட்டின நாய், ஓட வழி கிடையாது, கடிக்க எட்டாது. அதை அடித்துக் கொல்ல மூன்று தடியன்கள். இந்த வீரத்துக்கு ஒரு தொப்பி, ஒரு பெல்ட், கடைசியில் ஒரு பென்ஷன் வேறு.

“கை ஒடிஞ்சதுக்கு அழல்ல சாரே. ஜெயில்ல பாக்கப் போனா, எனக்க மாப்பிள நாயைச் சொல்லித்தான் அழுதாரு.”

சார் அதற்குள் தாள்களில் மூழ்கிவிட்டார். போலீஸ் எழுதின மகசர் அது. எந்த வீட்டில், எந்த இடத்தில், என்ன பொருளை எடுத்தோம் என்று எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிற பத்திரம். மலையாளத்தில் அழகான கையெழுத்து. சார் ஒரு தடவை படித்தார். பென்சிலை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு தலையைத் தூக்கி, உங்கள் வீட்டில் ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். இந்த ஆள் சுயநினைவோடுதான் இருக்கிறாரா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் அந்தச் சந்தேகம் வாரத்துக்கு ஒரு தடவை வரும்.

“ரெண்டு ரூமும் அடுக்களையும்தான் சாரே. ஊஞ்சலை எங்க கட்ட?”

“பூஜை அலமாரி?”

“நாங்க சி.எஸ்.ஐ.”

“பத்தாயம்? நெல் போட்டு வைக்கிற மரப்பெட்டி?”

“அரிசியே ரேஷன் கடையில வாங்குதோம். பத்தாயத்துல எதைப் போட்டு வைக்க?”

சார் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த மனுஷர் சிரித்தால் பார்க்கச் சகிக்காது, ஆனால் சிரித்தார். மகசரின் இரண்டாம் பக்கத்தை என்னிடம் தள்ளி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஊஞ்சல் மாட்டியிருக்கிற கூடத்தைத் தாண்டி, பூஜை அலமாரிக்கு வலதுபக்கத்து அறையில், மரப் பத்தாயத்துக்குள், இடப்பக்கம் தளர்ந்திருக்கிற பலகைக்குப் பின்னாலிருந்து பொட்டலம் கண்டெடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது.

“சார், இந்த வீட்டைக் கண்டுபிடிச்சா நானே வாடகைக்குப் போயிடுவேன்” என்றேன்.

“கண்டுபிடிக்கத்தான் போறோம். எங்கயோ இருக்கிற ஒரு வீட்டைப் பத்தி இதுல எழுதியிருக்கு. போனதுதான் வேற வீடு.”

சார் விளக்கினார். மகசரை ரெய்டு நடந்த இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். இதை எழுதியது முந்தின நாள், ஸ்டேஷனில், ஃபேனுக்கடியில் உட்கார்ந்து. வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு எழுதினவர், குற்றவாளியின் பெயருக்கு மட்டும் காலி இடம் விட்டிருக்கிறார். அந்த இடம் போதாமல் ‘சத்தியதாஸ்’ என்கிற பெயரை வேறு பேனாவில், வேறு கையெழுத்தில் யாரோ நெருக்கி எழுதியிருக்கிறார்கள். வக்கீல் இதைப் படித்திருப்பார், ஆனால் சத்தியதாஸின் வீட்டைப் பார்த்திருக்கமாட்டார். கோர்ட்டும் பார்த்திருக்காது.

பலகை தளர்ந்திருப்பது வரைக்கும் தெரிந்த ஆளுக்கு வீட்டுக்காரன் பெயர் தெரியாதா என்று கேட்டேன். சார் அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார், பதிலுக்கு வெளியே போக வேண்டுமாம். செருப்பை மாட்டினார்.

அக்காவின் வீடு நடந்து போகிற தூரம்தான். கதவில் பூட்ஸ் உதைத்த இடம் பிளந்துகிடந்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். குழாயடியில் சங்கிலி அப்படியே கிடந்தது. சார் எதையும் பார்க்காமல் நிலைப்படிக்குப் பக்கத்தில் ஆணியடித்திருந்த ஒரு மஞ்சள் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கறுப்பில் 37 என்று எழுதியிருந்தது.

இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நம்பர். ஒன்று கார்ப்பரேஷன் கொடுக்கிற டி.சி. நம்பர், அதுதான் வரிக்கும் தபாலுக்கும் பத்திரத்துக்கும் செல்லும். இன்னொன்று ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்காரர்கள் திருவோண விழாவுக்கு வசூல் பண்ண வசதியாக அடித்து வைக்கிற தகரம். அக்காவின் வீட்டு டி.சி. நம்பர் நிலைக்கு மேலே சுண்ணாம்புக்கடியில் மங்கிக் கிடந்தது, அது 37 இல்லை. தகரம் எப்போது அடித்தார்கள் என்று சார் கேட்டார். ரெய்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்றாள் அக்கா.

எல்லாம் விளங்கிவிட்டது. ரெய்டுக்கு வந்த எஸ்.ஐ. அகில் காசர்கோட்டுப் பையன், ஸ்டேஷனில் சேர்ந்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது என்று அக்கா விசாரித்து வைத்திருந்தாள். மகசரில் இருக்கிற வீட்டு நம்பர் 37, அவன் கையில் கொடுத்த தாளிலும் அதுதான் இருந்திருக்கும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் புது மஞ்சள் தகரம் பளிச்சென்று கண்ணில் பட்டிருக்கிறது. இந்த ஊர்க்காரன் எவனும் தகரத்தை மதித்திருக்கமாட்டான்.

“அப்போ அந்த டி.சி. முப்பத்தேழுல இருக்கவன்தான் கஞ்சா விக்கவன்” என்றாள் சுசீலா அக்கா. “அவனுக்கு வந்தது எங்களுக்கு வந்துட்டு. அவன் அங்க சுகமா இருக்கான்.”

அவள் குனிந்து சாம்சனின் சங்கிலியை எடுத்து இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றாள். சார் வேண்டாம் என்று சொல்லச் சொல்லி என்னைக் கண்ணால் கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். என்னைக் கேட்டால் இன்னொரு சங்கிலியும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

டி.சி. 37-ஐ அடையாளம் காட்டியவர் தபால்காரர். வலியசாலை அக்ரஹாரத்தில், கோயிலுக்கு மேற்கே மூன்றாவது வீடு. வெங்கடகிருஷ்ணன் என்று ஒருவர் தனியாக இருக்கிறார், குமாஸ்தா வேலையிலிருந்து ரிடையர் ஆனவர், மாதத்துக்கு இரண்டு வக்கீல் கடிதம் வரும் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். வக்கீல் கடிதம் என்றதும் அக்காவின் நடை வேகமானது.

நாங்கள் போனபோது வெங்கடகிருஷ்ணன் ஒரு நீளமான கோலால் கொடியில் வேஷ்டி உலர்த்திக்கொண்டிருந்தார். அறுபத்துநாலு வயசு இருக்கும். ஊதினால் விழுந்துவிடுகிற உடம்பு. முன்பின் தெரியாத மூன்று பேர், அதில் ஒருத்தி கையில் சங்கிலி. அந்த மனுஷர் உள்ளே வாங்கோ, காப்பி குடிக்கறேளா என்று கேட்டார். அக்காவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு அவளுக்கு மட்டும் நாற்காலி இழுத்துப் போட்டார்.

கூடத்தைப் பார்த்தேன். ஊஞ்சல் இல்லை. பூஜை அலமாரியும் இல்லை. வலதுபக்கத்து அறையில் பழைய பத்திரிகைக் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, பத்தாயம் வைக்க அங்கே இடமே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சார், நம்பர் சரி, வீடு தப்பு, நாமளும் போலீசும் ஒரே ரகம் என்று சாரின் காதில் சொன்னேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். உத்தரத்தில் துருப்பிடித்த நான்கு இரும்பு வளையங்கள்.

“ஊஞ்சலை எப்போ கழட்டினீங்க?” என்றார் சார்.

“தொண்ணூத்திநாலுல. உத்தரத்துல கரையான். ஏன் கேக்கறேள்?”

“பத்தாயம்?”

“அதுக்கு மறு வருஷம் கோயில் மடப்பள்ளிக்குக் குடுத்துட்டேன். பூஜை அலமாரியை மாடிக்கு ஏத்தியாச்சு. உங்களுக்கு யார் சொன்னா இதெல்லாம்?”

சார் மகசரை நீட்டினார். வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி வாசித்தார். பத்தாயம் வரைக்கும் முகத்தில் ஒன்றும் இல்லை. தளர்ந்த பலகை வந்ததும் நிறுத்தினார். மறுபடி அந்த வரியை வாசித்தார்.

“இந்தப் பலகை தளர்ந்திருக்குன்னு லோகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். சின்ன வயசுல நாங்க கோலிக்குண்டு ஒளிச்சு வெக்கற எடமாக்கும் அது.”

“நாங்கன்னா?”

“நானும் சுப்புவும். என் தம்பி.”

அந்தச் சுப்பு இப்போது எங்கே இருக்கிறார் என்று சார் மெதுவாகக் கேட்டார். போலீஸில்தான், சர்க்கிள் இன்ஸ்பெக்டர் என்றார் வெங்கடகிருஷ்ணன். சுசீலா அக்கா விருட்டென்று எழுந்தாள். எஃப்.ஐ.ஆர். நகலை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். சர்க்கிள் இன்ஸ்பெக்டர் சுப்ரமணியன் என்று கீழே கையெழுத்துப் போட்ட ஆள்தான், அவள் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டினவர். அவள் கையிலிருந்த சங்கிலி அவிழ்ந்து தரையில் விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை. இந்தக் கிழவரை அடிக்க இனி ஒரு காரணமும் இல்லை.

பாக்கியை வெங்கடகிருஷ்ணன் சொல்லக் கேட்டோம். அம்மா இறந்த வருஷம் இந்த வீட்டில் பாகம் கேட்டுச் சண்டை போட்டுவிட்டுப் போனவர் தம்பி. வீட்டை இடித்து லாட்ஜ் கட்டுகிறவனுக்கு விற்க வேண்டும், அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும் என்று வக்கீல் கடிதமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷமாக இந்த வாசல்படி மிதிக்கவில்லை.

“அதான் விஷயம்” என்றார் சார். “உங்களைக் கஞ்சா கேசுல உள்ள வச்சுட்டா ரெண்டே நாள்ல கையெழுத்துப் போட்டுடுவீங்க. பொட்டலத்தை எங்க வைக்கணும்னு கான்ஸ்டபிளுக்குச் சொல்ல, அவர் மனசுல இருந்த வீட்டை எழுதிட்டார். நீங்க ஒரு ஆணியைக்கூட மாத்தியிருக்கமாட்டீங்கன்னு அவ்வளவு நம்பிக்கை. பேரை மட்டும் எழுதலே. ஸ்டேஷன்ல மத்தவங்க முன்னால சொந்த அண்ணன் பேரை எப்படி எழுத?”

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூடப் பிறந்தவன் கோலிக்குண்டு ஒளித்த இடத்தில் கஞ்சாவை ஒளிக்கச் சொல்ல ஒருத்தனுக்கு மனசு வந்திருக்கிறது.

சார் ஒரு வேலையையும் தள்ளிப்போடமாட்டார். நான் வெங்கடகிருஷ்ணன் சொன்னதையெல்லாம் இரண்டு பக்க வாக்குமூலமாக எழுதினேன். ஊஞ்சல், பத்தாயம், பலகை, எந்த வருஷம் எது போயிற்று, அந்தப் பலகை யாருக்குத் தெரியும், எல்லாம். கீழே கையெழுத்துப் போட்டால் சத்தியதாஸ் கேஸ் உடைந்துவிடும். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அவன் என் தம்பியாக்கும். அவன் வாயால கேக்காம நான் எப்படிப் போடறது?”

“அப்போ கூப்பிடுங்க” என்றார் சார். “நீங்க கூப்பிடாட்டாலும் ஒரு நாள் ஜீப் வரும். இந்தத் தடவை சரியான வீட்டுக்கு வரும்.”

வெங்கடகிருஷ்ணன் எழுந்துபோய் போனைச் சுழற்றினார். கையெழுத்துப் போடறேன், பத்திரத்தோட வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அடுத்து சார் ஸ்டேஷனுக்கு போன் போட்டு எஸ்.ஐ. அகிலைக் கேட்டார். மகசரில் இருக்கிற ஊஞ்சல் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம், பார்க்க வேண்டுமானால் வாருங்கள் என்றார்.

முதலில் வந்தவன் அகில்தான். ஜீப் இல்லை, யூனிபாரமும் இல்லை, பைக்கில் வந்தான். இருபத்தாறு வயசு இருக்கும், கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கைந்து வசவுகளைத் தயாராக வைத்திருந்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் இரண்டைக் குறைத்துக்கொண்டேன். சுசீலா அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. சார் எங்களை எல்லாம் பத்திரிகைக் கட்டுகள் இருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். இடுக்கு வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. சுப்ரமணியன் முழு யூனிபாரத்தில் இறங்கினார். நல்ல உயரம், கைக்கடியில் பத்திரக் கவர். அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தவர், நடுவில் சட்டென்று ஒரு ஓரமாக விலகி நடந்தார். காலியாக இருந்த கூடத்தில், ஊஞ்சல் பலகையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒருத்தர் விலகுகிற மாதிரி விலகினார். அப்புறம்தான் நின்று மேலே பார்த்தார்.

“ஊஞ்சல் எங்கண்ணா?”

“ஒம்போது வருஷமாச்சு கழட்டி.”

சுப்ரமணியனின் கண் வலதுபக்கத்து அறைக் கதவுக்குப் போனது. பத்தாயம் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

“அதுவும் போயாச்சு. நீ எழுதின மகசர்ல மட்டுந்தான் எல்லாம் இருக்கு, சுப்பு.”

சொல்லிவிட்டு வெங்கடகிருஷ்ணன் தாளை நீட்டினார். அது தம்பியின் கையெழுத்து என்று பலகை வரியில்தான் அவருக்கு உறைத்ததாம், எழுத்துப் பழக்கினதே அவர்தான். சுப்ரமணியன் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். ஸ்டேஷனில் நூறு மகசர் எழுதுவார்கள், புதுசாக வந்த எஸ்.ஐ. எதையோ பார்த்துக் காப்பியடித்திருப்பான், தப்பெல்லாம் அவனுடையது, நாளைக்கே அவன் மேல் ரிப்போர்ட் எழுதுகிறேன் என்றார்.

அகில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவன் மலையாளத்தில் சொன்னதை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பொட்டலம் கான்ஸ்டபிளின் பையில் வந்தது அவனுக்கு அப்போது தெரியாது. உள்ளே போனதும் ஊஞ்சலும் இல்லை, பத்தாயமும் இல்லை என்று கண்டு வயர்லெஸ்ஸில் சர்க்கிளைக் கூப்பிட்டிருக்கிறான். வீடு மாறிவிட்டது, நாய் செத்துவிட்டது, ஒரு பெண்ணின் கை ஒடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அதற்கு வந்த உத்தரவு இதுதான்: இனி வெறுங்கையோடு திரும்பினால் பத்திரிகைக்காரன் விடமாட்டான், வீட்டில் இருக்கிறவன் பெயரை எழுதிக் கொண்டு வா. எழுதினேன், அந்தப் பெயரை நெருக்கி எழுதியது என் கைதான் என்றான் அகில். மாஜிஸ்ட்ரேட் முன்னால் இதைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னான்.

ஆக, வீடு மாறிவிட்டது தெரிந்தே சத்தியதாஸைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தெரியாமல் செய்த தப்பு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். சுசீலா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடது கையின் பிடியில் என் எலும்பு வலித்தது. பிறகு என்னை விட்டுவிட்டுக் கூடத்துக்குள் நடந்து சுப்ரமணியனின் எதிரில் போய் நின்றாள்.

அந்த ஆள் கெட்டிக்காரர். இனி அண்ணனிடமோ அகிலிடமோ பேசிப் பயனில்லை என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டார். அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரும்மா. நாளைக்கு ஜாமீன் மனு போடு. போலீஸ் சைடுல யாரும் எதிர்க்க மாட்டோம். மத்தியானச் சோத்துக்கு உன் புருஷன் வீட்டுல இருப்பான். கேசையும் நானே முடிச்சுத் தர்றேன். இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடணும், அவ்வளவுதான்.”

வெங்கடகிருஷ்ணன் தலையைத் தூக்கினார். அந்த முகத்தில் ஒரு ஆசை வந்துவிட்டதைப் பார்த்தேன், எனக்கு எரிச்சலாக இருந்தது. தம்பியும் தப்பிப்பான், அந்த அப்பாவியும் வீட்டுக்கு வருவான், எல்லாருக்கும் நல்லதுதானே என்று அக்காவிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவள் வேண்டாம் என்றால் தான் கையெழுத்துப் போடுவதாகவும், சரி என்றால் போடவில்லை என்றும் சொன்னார். முழுப் பாரத்தையும் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு நாள் ஜெயிலில் கிடக்கிற புருஷன் நாளைக்கு வருவான் என்றால் எந்தப் பொம்பிளை வேண்டாம் என்பாள்? சரி என்று சொல்லியிருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டேன். தைக்கிற கை ஒடிந்து கிடக்கிறது, வீட்டில் வேறு ஆள் இல்லை.

அக்கா சாரைத் திரும்பிப் பார்த்தாள். இவர் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டு வழியாகவே போனால் தன் மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டாள். சார் பொய் சொல்லாத மனுஷர், அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய தொல்லை. பதினைந்து நாள் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார்.

அக்கா சுப்ரமணியனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை.

“நாளைக்கு அவரு வந்தா, போலீசு பாவம் பாத்து விட்டுட்டுன்னு சந்துல சொல்லுவாவ. எனக்க மாப்பிளய நீங்க பாவம் பாக்காண்டாம். இருபத்திரண்டு நாள் கெடந்தாரு. இன்னும் பதினஞ்சு நாள் கெடப்பாரு. ஏன்னு நான் போய்ச் சொல்லிக்கிடுதேன், அவருக்கு மனசிலாவும். நீங்க ஜெயிலுக்கு உள்ள போற அண்ணைக்கு அவரு வெளிய வந்தா போதும்.”

சுப்ரமணியன் அண்ணா என்று கூப்பிட்டார். அப்புறம் இன்னொரு தடவை கூப்பிட்டார், இந்தத் தடவை சின்னப் பையன் குரலில்.

வெங்கடகிருஷ்ணன் என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். வாக்குமூலத்தின் இரண்டு பக்கத்திலும், கையெழுத்து வாங்க வந்த தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, அதை சுசீலா அக்காவின் இடது கையில் கொடுத்தார்.